ஆயுத பூஜையன்று கீர்த்தியின் கம்ப்யூட்டருக்கு விட்ட லீவு

மதிப்பிற்குரிய பேராசிரியை மர்சலின் அம்மா அவர்களுக்கு, தி.நகர் பாத்திரக்கடை தனபாலன் கைகூப்பி எழுதுவது. இங்கே நான், என் சம்சாரம் தேவானை, உங்களிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் மகள் கீர்த்தி, அவளுடைய கம்ப்யூட்டர் ஆகிய நால்வரும் நலம். சாந்தோமில் தாங்களும் தங்கள் வீட்டுக்காரரும் நலமாயிருக்க மாதா துணையிருக்கட்டும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை. ஆகையால் பிழை இருந்தால் சிவப்பு மை போடாமல் விட்டுவிடவும். மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்பவர்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன்: கடையில் நானும் என் மச்சினனும் ஒரே வேலைதான் பார்க்கிறோம், ஆனால் அவனுக்கு மட்டும் மணிக்கொரு டீ வேணும், அதுபோல ஒரே வேலை பார்க்கிற இரண்டு புரோகிராமில் எது கரண்டை அதிகமாகக் குடிக்கிறது என்று பார்த்து அதன் வாயைக் கட்டுகிற படிப்பு. அதற்காக அவள் அறையில் ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்டை மிச்சம் பிடிக்க இவ்வளவு கரண்டா என்று கேட்டதற்கு, என்னைக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

ஆயுத பூஜையன்று தராசு, பில் மிஷின், மச்சினனின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது என்று ஓய்வு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இது மட்டும் உர்ரென்று உழைத்துக்கொண்டிருக்கிறது. கீர்த்தி குளிக்கப் போயிருந்தாள். "பாவங்க, வாயில்லா ஜீவன்" என்றாள் தேவானை. நான் சுவிட்சை அணைத்தேன். அவள் ஈரத்துணியால் துடைத்து, காற்று போகிற ஓட்டையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சந்தனம் அப்பிப் பூச்சுற்றினாள். அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் வாரக்கணக்கில் எடுத்த அளவெல்லாம் அதோடு போச்சாம், முதலிலிருந்து ஓட்டணுமாம், அடுத்த வாரமே கமிட்டி முன்னால் காட்டணுமாம். கீர்த்தி எங்களைத் திட்டவில்லை அம்மா. திட்டியிருந்தால் எங்களுக்குச் சோறு இறங்கியிருக்கும். ஈரத் தலையோடு உட்கார்ந்து, "போதும்ப்பா, படிப்பை விட்டுடறேன். ஏதாவது கம்பெனில சேர்ந்துக்கறேன்" என்றாள். எப்போது முடிப்பாய், எப்போது கல்யாணம் என்று மூன்று வருஷமாக நச்சரித்தவன் நான். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்கணும். நானோ ஓடிப்போய்ச் சுவிட்சைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அதனால்தான் மறுநாள் சுண்டல் டப்பாவோடு அவளையும் இழுத்துக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றோம். திட்டு விழுமென்று தேவானை என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நீங்களோ அவள் பக்தியோடு எடுத்து வைத்திருந்த கம்ப்யூட்டர் போட்டோவைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிறகு கமிட்டியிடம் போனில் பேசி ஒரு மாசம் தவணை வாங்கிவிட்டு, அவளைப் பார்த்து, "அப்பா நிறுத்தினது மிஷினை, கீர்த்தி. நீ எதுக்கு நின்னுட்டே?" என்றீர்கள். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போதே லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். நேற்று கமிட்டியில் எல்லாரும் பாராட்டினார்களாம். வந்ததும் அம்மாவிடம் வம்பிழுத்து நாலு தோசை கேட்டுச் சாப்பிட்டாள். அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது நீங்கள். இனி அவளே படிப்பை விடுகிறேன் என்று சொன்னாலும் நீங்கள் அவளை விடாதீர்கள்.

தங்கள் குடும்பம் நோய்நொடியில்லாமல், கேட்டதெல்லாம் கிடைத்துச் சிரித்த முகமாய் வாழ வேண்டும்.

இப்படிக்கு நன்றியுள்ள,
தனபாலன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கீர்த்தி வந்து சொல்கிறாள், டாக்டர் பட்டம் வாங்கினாலும் படிப்பு முடியாதாம், மேற்கொண்டு இரண்டு வருஷம் ஸ்வீடனில் ஆராய்ச்சியாம், எழுதிப்போடச் சொன்னதே நீங்கள்தானாம். மேலே கண்ட நன்றி அத்தனையும் வாபஸ். இனிமேல் உங்களோடு எனக்குப் பேச்சு இல்லை. தேவானை பாண்டி பஜாருக்குக் கிளம்பி நிற்கிறாள். அந்த ஊர்க் குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் தேவைப்படும் என்று மட்டும் உடனே தெரிவிக்கவும்.