பாக்கலாம் சாரும் வாய் மூடாத வாக்கி-டாக்கியும்

முடிவெடுப்பவர்கள் என்று ஒரு சாரார் உண்டு. முடிவே எடுக்காதவர்கள் என்று இன்னொரு சாரார். இந்த இருவரையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். முன்னவரோடு சண்டை போடலாம். பின்னவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நாம் வேலையைப் பார்க்கலாம். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. அதுதான் உயிரை வாங்கும். அவர்கள் முடிவெடுக்கப் போகிறவர்கள். இதோ, இன்னும் ஒரே ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் போதும், எடுத்துவிடுவார்கள். அந்த ஒரே ஒரு விஷயம் தெரிந்த மறுகணம், அதன் வயிற்றிலிருந்து இன்னும் இரண்டு விஷயங்கள் பிறக்கும்.

உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தெரிந்திருக்குமே? ஹோட்டலில் உட்கார்ந்து, மெனு அட்டையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல அட்டை முதல் அட்டை வரை படித்து, பக்கத்து மேஜைக்கு வந்த தட்டை எட்டிப் பார்த்து, சர்வரிடம் "எது நல்லா இருக்கும்?" என்று விசாரித்து, அவர் சொன்னதை மட்டும் கவனமாகத் தவிர்த்து, கடைசியில் "உனக்கு என்ன சொல்றியோ அதையே எனக்கும் சொல்லிடு" என்று உங்கள் காலில் விழுவாரே, அவரேதான்.

எனக்கு வாய்த்தவர் எங்கள் மேலாளர். நாங்கள் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தோம். தகரக் கொட்டகைதான் அலுவலகம். அவருடைய மேஜைக்கு எதிர் மேஜை என்னுடையது. பெற்றோர் அவருக்கு வைத்தது நல்ல பெயர்தான். ஆனால் கொத்தனார் முதல் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவர் பாக்கலாம் சார்.

"சார், ஜல்லிக்குச் சொல்லிடவா?"

"பாக்கலாம்."

"சார், வானம் கறுத்துடுச்சு. சிமெண்ட் மூட்டையெல்லாம் உள்ள எடுத்து வெச்சிடலாமா?"

"பாக்கலாம், பாக்கலாம்."

மழை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வந்துவிட்டது. அந்த மூட்டைகள் இன்றைக்கும் கட்டடத்தின் பின்னால் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. வேலையாட்கள் உட்கார வசதியாக இருக்கிறது.

தங்கமான மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது அவருக்குத் தெரியும். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கடிந்து பேசுவதா வேண்டாமா என்பதையும் முடிவு செய்ய வேண்டியிருந்ததோ என்னவோ.

எங்கள் கிரேனை ஓட்டியவர் ஒரு பெண்மணி. அறுபது வயது மேஸ்திரிக்கும் அவர் அக்காதான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே சைகைக்காரர் என்று ஒருவர். சுமையைப் பட்டை போட்டுக் கட்டி, கொக்கியில் மாட்டி, தூக்கு, நிறுத்து, இறக்கு என்று கை காட்டுவது அவர் வேலை. முன்பக்கம் இருக்கும்வரை அவர் கை அக்காவுக்குத் தெரியும். சுமை கட்டடத்தைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டால் கை தெரியாது. அப்போது இரண்டு பேருக்கும் வாக்கி-டாக்கிதான் துணை. ஒன்று மேலே அக்காவிடம், மற்றது கீழே சைகைக்காரர் நெஞ்சில்.

பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அந்தக் கருவியின் மொத்த சாஸ்திரமும் அவ்வளவுதான். அக்காவின் கருவியில் அந்தப் பொத்தான் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சில சமயம் உள்ளே போகாது. போனால் வெளியே வராது. அக்கா அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், பிறகு கொட்டகைக்கு வந்தார்.

"சார், ஒண்ணு இத சரி பண்ணிக் குடுங்க. இல்ல புதுசா வாங்கிக் குடுங்க."

"அதானே கேள்வியே!" என்று பாக்கலாம் சாரின் முகம் மலர்ந்துவிட்டது. கேள்வி என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். விடை வந்துதான் அதைக் கெடுத்துவிடும்.

பழுது பார்க்கும் கடைக்குப் போனார். பொத்தான் மட்டும்தான் போயிருக்கிறது, விட்டுவிட்டுப் போங்கள், மாற்றித் தருகிறேன் என்றார் கடைக்காரர். விட்டுவிட்டு வந்தால் அதுவரை கிரேனுக்கு என்ன வழி என்று யோசித்துத் திருப்பி எடுத்து வந்தார். சரி, புதிதாக வாங்கலாம் என்றால், இன்றைக்கு இதில் பொத்தான் போனது, நாளைக்குப் புதியதில் வேறொன்று போகாது என்று யார் சொல்வது? பழசு பழகியது, ஆனால் பழசு. புதுசு புதுசுதான், ஆனால் பழகாதது. இதை அவர் என்னிடம் சொன்னார், மேஸ்திரியிடம் சொன்னார், தண்ணீர் லாரி ஓட்டுநரை நிறுத்திவைத்துச் சொன்னார், கடைசியில் மனைவிக்குப் போன் போட்டார். எதிர் மேஜையில் இருந்த எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"இங்க பாரு, சரி பண்றதா, புதுசு வாங்கறதா? நீ என்ன நினைக்கிற?"

"அப்பாடா! இப்பவாவது கேட்டீங்களே. புதுசே வாங்கிடுங்க. கையால அரைச்சு அரைச்சு என் தோள்பட்டை போச்சு."

"மிக்ஸி இல்லம்மா. வாக்கி-டாக்கி."

"அப்ப மிக்ஸி?"

"அது தனி. அதையும் பாக்கணும்."

போன் வைக்கப்பட்ட சத்தம் வெளியே கலவை இயந்திரம்வரை கேட்டிருக்கும்.

மறுநாள் அவர் மேஜைமேல் ஒரு பெட்டி இருந்தது. பளபளவென்று புத்தம்புது ஜோடி வாக்கி-டாக்கி. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"வாங்கிட்டீங்களா சார்?"

"வாங்கல. கொண்டு வந்திருக்கேன்."

சீல் பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொன்னார்களாம். ஆகவே பிரிக்கவில்லை. தினமும் காலையில் அதைத் துடைப்பார், கையில் எடுத்துக் கனம் பார்ப்பார், பெட்டிமேல் அச்சடித்திருந்ததைப் படிப்பார், வைத்துவிடுவார். மேலே அக்கா பழைய பொத்தானைக் கட்டைவிரல் கன்றிப்போகும்வரை அமுக்கிக்கொண்டிருந்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கண்ணாடிகள் வந்து சேர்ந்தன. கட்டடத்தின் ஜன்னல்களுக்கானவை. பெரிய மரப்பெட்டியில் அடுக்கி வந்திருந்ததை முன்பக்கத்திலிருந்து தூக்கிப் பின்பக்கம் இறக்க வேண்டும். சைகைக்காரர் பட்டையைப் போட்டுக் கொக்கியில் மாட்டிவிட்டு, அதை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, மேலே அக்காவின் பொத்தான் உள்ளே போனது போனதுதான், வெளியே வரவேயில்லை. அழுந்திய பொத்தான் என்றால் என்ன அர்த்தம்? நாங்கள் சொல்வது எதுவும் அக்கா காதில் விழாது. அவர் பேசுவது ஒவ்வொன்றும் எங்களுக்குக் கேட்கும். அது தெரியாத அக்கா, சனியன் செத்துவிட்டது என்று வாக்கி-டாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு, சுமை கட்டி முடிக்கும்வரை தங்கையோடு பேசலாம் என்று செல்போனை எடுத்தார்.

"நாத்தனாருக்கு முட்டி வலியாம்டி," என்றது சைகைக்காரரின் நெஞ்சு. "நம்ம வீட்டுப் படி ஏற முடியல. பக்கத்து வீட்டு மூணாவது மாடிக்கு சீரியல் பாக்கப் போக மட்டும் முட்டி நல்லா மடங்குது."

பட்டையை இறுக்கிக்கொண்டிருந்த சைகைக்காரரின் கை நின்றது. கம்பி கட்டுபவர்கள் கிட்டே வந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கலவை இயந்திரத்தை அணைத்தார். இவ்வளவு பெரிய வேலையிடத்தில் திடீரென்று சத்தமில்லாமல் போனதும், என்ன விபத்தோ என்று பதறியடித்துக்கொண்டு பாக்கலாம் சார் வெளியே ஓடிவந்தார். நானும்தான். சரியாக அவருடைய அத்தியாயம் ஆரம்பமாகியிருந்தது.

"நல்ல மனுஷன்டி. அதுதான் கஷ்டமே. கெட்டவரா இருந்தா சண்டை போட்டு வாங்கிடலாம். இவர்கிட்டப் போய் நின்னா 'நீங்க சொல்றது சரி'ன்னுவாரு. அடுத்த வாரம் போனா 'நீங்க சொன்னதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்'னுவாரு. அவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்தப் புதுக் கட்டடம் பழசாயிடும். இல்லடி, விளையாட்டுக்குச் சொல்லல. பின்னாடி இறக்கும்போது கண்ணக் கட்டிட்டு இறக்கற மாதிரி இருக்கு. யார் தலையிலயாவது போட்டுட்டா நான் எப்படித் தூங்குவேன்? துறைமுகத்துல கூப்பிடறாங்க. சாயங்காலம் இறங்கினதும் சொல்லிட்டுப் போயிடப் போறேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாக்கலாம் சாரின் முகம் சின்னதாகிவிட்டது.

"அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார் மெதுவாக.

"சார், நான் மேல ஏறிப் போய்ச் சொல்லட்டுமா, பொத்தான் ஒட்டிக்கிச்சுன்னு?" என்று சைகைக்காரர் கேட்டார்.

"சொன்னா, நாம கேட்டுட்டோம்னு தெரிஞ்சிடும். சங்கடப்படுவாங்க. சொல்லாம விட்டா அது அதைவிடத் தப்பு. இரு, ஒரு நிமிஷம் இரு, பாக்கலாம்," என்று பாக்கலாம் சார் கையை உயர்த்தினார்.

கீழே நிற்கும் எங்களுக்கு அது 'இரு.' மேலே கூண்டில் இருப்பவருக்கு அது 'தூக்கு.'

"வைக்கிறேன்டி. அட, பாக்கலாம் சாரே கை காட்டுறாரு! அதிசயம்தான்," என்றது வாக்கி-டாக்கி.

கொக்கி இறுகியது. பாதி இறுக்கிய பட்டையோடு பெட்டி மண்ணைவிட்டுக் கிளம்பியது. நாங்கள் கத்தினோம். அந்த உயரத்துக்குக் கத்தல் போகுமா? கிரேனின் கை திரும்ப, கூண்டும் திரும்பி எங்களுக்கு முதுகு காட்டியது. பாக்கலாம் சார் அக்காவின் செல்போனுக்கு அடித்தார்.

"போன் அடிக்குது," என்றது வாக்கி-டாக்கி. "பாக்கலாம் சார்தான். தூக்கும்போது போன் எடுக்கக் கூடாதுன்னு அவரே போட்ட சட்டம். நல்லவேளை."

அவர் வாழ்க்கையில் போட்ட ஒரே சட்டம்.

கொட்டகைக்குள் பாய்ந்து, மேஜைமேல் இருந்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அதுல ஒண்ணு மேல இருக்கணும் சார்!" என்று சைகைக்காரர் அலறினார்.

பெட்டியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கட்டடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் நிழலில் பூச்சு வேலைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும் நேரம். அந்த மனிதர் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார் பாருங்கள்! தொப்பை குலுங்க, ஒரு செருப்பு எங்கோ பறக்க, மணலில் இடறி, எழுந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். "எந்திரிங்க! ஓடுங்க! சோத்த விடுங்க, ஓடுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் எங்குமே ஒரு 'பாக்கலாம்' இல்லை. பூச்சு வேலைக்காரர்கள் சிதறி ஓடினார்கள். அவர் கட்டடம் மறைக்காதபடி எட்டத்திலிருந்த செங்கல் அடுக்கின்மேல் ஏறிச் சட்டையைக் கழற்றினார். மனைவி எடுத்து வைத்த ரத்தச் சிவப்புச் சட்டை. பனியனோடு நின்று, அதைத் தலைக்குமேல் சுழற்று சுழற்று என்று சுழற்றினார்.

மூச்சிரைக்க நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சைகைக்காரர் நெஞ்சிலிருந்து குரல் வந்தது. "யாரது செங்கல்மேல? பாக்கலாம் சாரா? சட்டையக் கழட்டிட்டாரே! ஐயையோ, ஏதோ முடிவு பண்ணிட்டாரு." சுமை அப்படியே அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி, "கடவுளே, பட்டை நழுவுது," என்று அக்காவின் குரல் இறங்கியது. பிறகு பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அங்குலம் அங்குலமாக, தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல, அந்தப் பெட்டியை மணல் குவியலின்மேல் சாய்த்து வைத்தார். உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி விரிசல் விட்ட சத்தம் கேட்டது. ஆட்கள் எல்லோரும் முழுதாக இருந்தார்கள்.

அக்கா வாக்கி-டாக்கியும் கையுமாக இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பட்டைய ஒழுங்காக் கட்டாம யாரு தூக்கச் சொன்னது? இந்தச் சனியன் வேற செத்துக் கிடக்கு!"

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற பாக்கலாம் சாருக்கு, அவரை எப்படியாவது ஆறுதல்படுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

"தப்பு என்னுதுதான். நீங்க மனசத் தளர விடாதீங்க. வீட்டுல நாத்தனாருக்கு முட்டி வலி வேற..."

எல்லோரும் மண்ணைப் பார்த்தோம். அக்கா அவரைப் பார்த்தார். சைகைக்காரரின் நெஞ்சைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். மெல்ல அதை வாயருகே கொண்டுபோய், "ஹலோ," என்றார்.

"ஹலோ," என்றது சைகைக்காரரின் நெஞ்சு.

"எல்லாத்தையும் கேட்டீங்களா?"

"துறைமுகம் வரைக்கும் கேட்டோம்க்கா," என்றார் சைகைக்காரர்.

"நல்லதாப் போச்சு. அப்ப மறுபடி சொல்ல வேண்டியதில்ல," என்று அக்கா தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பாக்கலாம் சார் என் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். சீலை நகத்தால் கீறிப் பார்த்தார், வரவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தார். ஒரு கருவியை எடுத்து இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

"போகாதீங்கம்மா."

அக்கா அதை வாங்கி, பொத்தானை அமுக்கிப் பார்த்தார். உள்ளே போனது, வெளியே வந்தது. அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது.

"பாக்கலாம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் சாப்பிடாமல் தூங்காமல் பட்ட பாடு எதிர் மேஜைக்காரனான எனக்குத்தான் தெரியும். "இருப்பாங்களா, போயிடுவாங்களா? ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?" என்று என்னையே கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. வாரக் கடைசியில் அக்கா இருந்துவிடுவதாகச் சொன்னார். அன்றே மேலாளர், பழையதையும் கொண்டுபோய்ப் பொத்தான் மாற்றி வாங்கி வந்துவிட்டார். ஆக இப்போது எங்களிடம் நன்றாகப் பேசும் ஜோடிகள் இரண்டு. எதை வேலைக்கு எடுப்பது, எதை அலமாரியில் வைப்பது என்று யாரோ அவரிடம் கேட்டுவிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா புதியதை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். மிக்ஸியையும் அவர் மனைவி தானே போய் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? சிரியுங்கள். இதை யாருக்கு அனுப்பலாம் என்றுகூட ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். நல்லது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கவும் மனமில்லாமல், தூக்கிப் போடவும் மனமில்லாமல் அங்கே ஒன்றும் இல்லையென்றால் உங்களுக்கு என் வணக்கம். 'நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை' என்று படாரென்று சொல்ல முடிந்தாலும் நீங்கள் தப்பித்தீர்கள். மாறாக, 'ஒரு விதத்தில் பார்த்தால் அப்படித்தான், இன்னொரு விதத்தில் பார்த்தால் அப்படியில்லை, யோசித்துச் சொல்கிறேன்' என்று உள்ளே ஒரு குரல் கிளம்புகிறதா? சிரமப்பட்டு யோசிக்காதீர்கள். அடுத்த அறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். உங்களைப் பற்றி அவர்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள்.