கடைசி வரி

பூந்தொட்டி சரியாக அண்ணன் பெயரை மறைத்துக்கொண்டு நின்றது.

போர் நினைவுக்கல்லில் இருந்த நாற்பது பெயர்களுக்கும் காலையிலிருந்து குத்தவைத்துக் கறுப்பு அடித்தவர் பெயிண்டர். கடைசி வரி அவருடைய அண்ணன். பெயரும், செத்த வருடமும். விழாவுக்கு வரும் தலைவர் அதன் முன் தலைகுனிவதைப் பார்க்க அண்ணி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பெயிண்டர் தொட்டியை நகர்த்தினார். பின்னால் ஒளித்திருந்த மைக் வயர் பல்லிளித்தது.

"யாருய்யா நகர்த்துனது? தலைவர் தடுக்கி விழுந்தா நீயா தூக்குவ?" என்று ஓடிவந்த விழா அதிகாரி, வயரை மறைத்து ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்தச் சொன்னார். கடைசிப் பத்துப் பெயர்களும் காணாமல் போயின.

"சார், பேரு தெரியல."

"யாரு பேரு?"

"செத்தவங்க பேரு. அவங்களுக்குத்தானே விழா?"

"இன்னிக்கு மூணு நினைவுக்கல்லு, நாலு நடனம். பேரெல்லாம் படிச்சிட்டிருக்க யாருக்குய்யா நேரமிருக்கு?"

"குடும்பத்துக்காரங்க வந்திருக்காங்க சார். அவங்க பெட்டியையா பார்ப்பாங்க?"

அதிகாரி யோசித்தார். அதுதான் வினை. பெட்டியையும் வயரையும் ஓரங்கட்டிவிட்டு, கல்லையே மூடி ஒரு பேனர் கட்ட வைத்தார். பேனர் முழுக்கத் தலைவர் முகம்.

"இப்ப கடைசி வரிசைக்கும் தெரியும்."

"தம்பி, உங்க அண்ணன் எங்க?" என்றாள் அண்ணி.

"அந்த ஆளோட கழுத்துக்குப் பின்னாடி" என்றார் பெயிண்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

மேளத்தோடு நடனக்குழு நுழைந்தது. அதிகாரி கைதட்டப் போனார். பெயிண்டர் சுரண்டும் கத்தியை எடுத்தார். அண்ணன் செத்ததிலிருந்து சேர்ந்த பத்து வருட ஆத்திரத்தோடு ஒரே இழுப்பு, இன்னொன்று, இன்னும் இரண்டு. தலைவரின் தாடைக்குக் கீழே ஜன்னல் திறந்து, அண்ணன் பெயரும் வருடமும் பளபளவென்று வெளியே வந்தன.

தலைவர் வந்தார். எதையும் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார். தன் முகத்துக்கு முன்னாலேயே மலர்வளையம் வைத்தார். தலைகுனிந்தார். படம் நன்றாக விழட்டும் என்று கைக்குட்டையால் கண்ணையும் ஒற்றிக்கொண்டார்.

அதிகாரியின் பார்வை அப்போதுதான் ஜன்னலுக்குப் போனது. கைதட்டல் பாதியில் நின்றது.

அண்ணி எழுந்து நின்றாள்.

டீ கொண்டுவந்த பெண் பேனரில் இருந்த முகத்தையும் அதன் கீழே பெயரையும் செத்த வருடத்தையும் பார்த்தாள், கண்ணை ஒற்றும் தலைவரைப் பார்த்தாள். பெயிண்டர் கையில் ஒரு கப்பைத் திணித்துவிட்டு, தலைவரைக் காட்டிச் சொன்னாள்:

"செத்தவரோட தம்பி போல. பாவம்ணே, அப்படியே அண்ணன் ஜாடை."