புல்தரைக் கல்யாணமும் ஓர் ஆர்மடில்லோவும்

"டார்லா! அந்தச் சனியன் மறுபடியும் வந்துட்டுப் போயிருக்கு!"

வெர்லின் புல்தரையில் நின்று கத்தினார். டெக்சஸில் அந்த வட்டாரத்திலேயே இப்படியொரு புல்தரை கிடையாது என்று மார்தட்டியவர். அடுத்த வாரம் சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் கெய்லினுக்கு இந்தப் புல்லின்மேல்தான் கல்யாணம். இப்போது பார்த்த இடமெல்லாம் குழி. எல்லாம் முதுகில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ என்ற பிராணி புழு தேடி நோண்டியது.

"மண்டபம் பிடிக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி டார்லா.

வெர்லின் விவசாய ஆலோசனை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தவள் ஓப்பல்.

"ஏம்மா, அது பந்து மாதிரி சுருண்டுக்குமாமே? உருட்டியே வெளிய தள்ளிடவா?"

"அது வேற சாதிங்க. நம்ம ஊரு ஆர்மடில்லோ சுருளாது. பயந்தா நெட்டுக்குத்தா எம்பிக் குதிக்கும். மூஞ்சிய பக்கத்துல கொண்டு போயிடாதீங்க."

சேறாக இருந்தால் வராது என்று அவராகவே முடிவுகட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினார். காலையில் குழிகள் இரண்டு மடங்கு.

"அட கடவுளே! ஈரமானா புழுவெல்லாம் மேல வந்துடுமே. நீங்க அதுக்கு விருந்தே வச்சிருக்கீங்க" என்றாள் ஓப்பல்.

அடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு அந்துருண்டை தூவினார். ஆர்மடில்லோ சட்டையே செய்யவில்லை. கல்யாணப்பெண்ணுக்குத்தான் கண் இரண்டும் வீங்கிவிட்டது.

"அப்பா, ப்ளீஸ், இனிமே ஒண்ணும் செய்யாதீங்க" என்று கெய்லின் அழுதாள்.

"உன் கல்யாணத்துக்குப் புல்லு பாய் விரிச்ச மாதிரி இருக்கும். இது அப்பா வாக்கு!"

வாக்குக் கொடுத்த கையோடு கூண்டு வாங்கி வைத்தார். அதில் மாட்டியது நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் ஒன்று. அது பீய்ச்சிய பீய்ச்சலில் கல்யாணப் பந்தல் துணி நாறியது, வெர்லினும் நாறினார். டார்லா அவரை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை.

மறுநாள் ஒருவழியாக ஆர்மடில்லோ மாட்டியது. ட்ரக்கில் போட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாருடையதோ ஒரு பெக்கன் கொட்டைமரத் தோப்பில் விட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

அடுத்த நாள் காலை கூண்டுக்குள் ஓர் ஆர்மடில்லோ.

"அதே ஆளு! அதே திமிர் பிடிச்ச மூஞ்சி! ஆத்தைத் தாண்டி வருமாம்மா?" என்று ஓப்பலுக்குப் போன் போட்டார்.

"தண்ணிக்கு அடியில நடந்தேகூடத் தாண்டும். ஆனா அவ்வளவு தூரத்துலேர்ந்து வராதுங்க. ஒரே பிரசவத்துல நாலு குட்டி, நாலும் ஒரே அச்சு. இது அதோட அண்ணன் தம்பியா இருக்கும்."

வெர்லின் அதையும் தோப்பில் விட்டார். அடுத்த நாளும் ஒன்று. அதற்கடுத்த இரண்டு நாளும் ஒவ்வொன்று.

"நாலுக்கு மேல போயாச்சேம்மா!"

"அப்போ ரெண்டு குடும்பம் இருக்கும்."

"அதே ஆளுதான், சத்தியமா!"

"ஆர்மடில்லோவுக்கு முகஜாடை பாக்குறாரு. எல்லாம் என் தலையெழுத்து" என்றாள் டார்லா.

சனிக்கிழமை வந்தது. புல்தரை உழுத வயல் போலக் கிடந்தது. நாற்காலிக் கால்கள் மண்ணில் இறங்கின. போதகர் குழியில் கால் இடறிப் பூந்தொட்டியின்மேல் விழுந்தார். கெய்லின் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். வெர்லினுக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் அப்பா ராய்ஸை இன்னும் காணவில்லை.

கடைசியில் ராய்ஸ் ட்ரக்கை நிறுத்திவிட்டு, கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி, போன மாசம் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெக்கன் தோப்பு வாங்கினோம், அதுல எந்தப் பாவியோ தினமும் ஒரு ஆர்மடில்லோவைக் கொண்டாந்து விட்டுட்டுப் போறான், நானும் சளைக்காம பிடிச்சுப் பிடிச்சு உங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடையிலதான் விட்டுக்கிட்டிருக்கேன்!"