ஐனர் படத்தில் ஒரு புள்ளி

"படத்துல என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தொட்டா சட்டை விளம்பரம் வருது. என்னன்னு பாருங்க தம்பி." வெர்னா ஹால்வர்சன் விட்டிருந்த குரல் செய்தி அவ்வளவுதான்.

வெண்டெல் அதை இரண்டு தரம் கேட்டான். மினசோட்டாவின் அந்த ஏரிக்கரை ஊர்ச் செய்தித்தாளின் இணையப் பக்கத்தை அவன் ஒருவன்தான் பார்த்துக்கொண்டான். காலையில் இரங்கல் பகுதியில் ஐனர் ஹால்வர்சனின் படத்தை ஏற்றியவனும் அவனே.

திறந்து பார்த்தான். சிவப்புக் கட்டம் போட்ட சட்டையில் ஐனர் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சின் மேல் வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னியது. தொட்டதும், 'இதே சட்டை! நாளையே உங்கள் வீட்டில்!' என்று ஒரு பெட்டி விரிந்தது.

விளம்பரக் கம்பெனியைக் கூப்பிட்டான். படத்தில் என்ன இருக்கிறதென்று இயந்திரமே கண்டுபிடித்து விளம்பரம் ஒட்டும், ஒரு படத்துக்கு மட்டும் நிறுத்த முடியாது என்றாள் அங்கிருந்த பெண்.

சட்டை தெரியாதபடி கழுத்தோடு படத்தை வெட்டினான். புள்ளி மூக்குக்கண்ணாடிக்கு ஏறியது.

மதியம் இரண்டாவது செய்தி வந்தது. "இப்போ கண்ணாடி வருது. என்னதான் பண்றீங்க அங்கே?"

திருப்பிக் கூப்பிட அவனுக்குத் தைரியமில்லை. கண்ணாடி அணியாத பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டான். அதில் ஐனர் பெரிய மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார். மீனைத் தொட்டால் பொரிக்கிற மாவு வந்தது. வெறுத்துப்போய், ஐனரையே எடுத்துவிட்டு ஒரு மெழுகுவத்திப் படத்தை வைத்தான். 'வாசனை மெழுகுவத்தி! இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்!'

மூன்றாவது செய்தியில் வெர்னா அழுதாள். சனிக்கிழமை அடக்கம் என்பது மட்டும்தான் புரிந்தது.

இனி நேரில் போய்க் காலில் விழுவதுதான் வழி. துக்க வீட்டுக்கென்று மனைவி சுட்டுக் கொடுத்த ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தத்தைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு வெண்டெல் வெர்னா வீட்டில் போய் நின்றான். வெர்னாவின் தங்கை ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். இறந்த மனுஷரை வைத்து வியாபாரம் செய்யும் எண்ணம் பத்திரிகைக்குக் கிடையாது, அக்கா மனதைப் புண்படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும் என்று வாசலிலேயே கொட்டித் தீர்த்தான்.

ஆர்டிஸ் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மன்னிப்பு எதுக்குங்க? மச்சானோட சட்டை நைஞ்சு போச்சு. அதே மாதிரி புதுசு போட்டு அனுப்பலாம்னு காலையிலேர்ந்து அக்கா தொட்டுத் தொட்டுப் பார்த்து, எப்படி வாங்குறதுன்னு உங்களைக் கேட்குறா, நீங்கதான் வாங்கவே விடமாட்டேங்குறீங்க."