முரட்டு எஞ்சினைச் சாதுவாக்கிய கதை

நீங்களே நியாயம் சொல்லுங்கள். கார் என்னுடையது. அதில் எஞ்சினுக்கு வேகம் கூட்டும் பெரிய டர்போவை மாட்டி, பக்கத்து வீட்டு ஜன்னல்களை நடுங்க வைத்தவன் நான். என்னைத் தவிர யாரும் டிரைவர் சீட்டில் உட்காரக் கூடாது என்பது என் சட்டம். முக்கியமாக என் மனைவி. அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் சிக்னலில் நின்றால் அந்த எஞ்சின் இருமும், குலுங்கும், அணைந்துபோகும். ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பினால், பையில் இருந்த தக்காளி கூழாகிக் கிடந்தது.

"என்னங்க, இது காரா, கிறுக்குப் பிடிச்ச குதிரையா? இடுப்பே கழண்டுபோச்சு."

"பவர்னா அப்படித்தான். உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். தினமும் ஆபீஸ் போய்வர ஒழுங்கா ஓடுற மாதிரி டியூன் பண்ணலாமே. நீங்க நினைச்சா முடியாதா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன்.

டியூனிங் என்றால் லேப்டாப்பை எஞ்சினோடு இணைத்து, வண்டி ஓட ஓட, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஓட்டுகிறவன் லேப்டாப்பைப் பார்த்தால் நேரே மின்கம்பம்தான்.

"லேப்டாப் பாக்குறது மூளை வேலை. நீங்க பாருங்க. நான் சும்மா ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன். மிதிக்கிறதுல என்ன இருக்கு?"

எவ்வளவு அடக்கமான பேச்சு. சட்டத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் மிதித்தாள், நான் லேப்டாப்பில் தட்டினேன். எங்கே குலுங்கினாலும் அங்கே சரிசெய்தேன். கடைசியில் எஞ்சின் வெண்ணெயாக ஓடியது.

திங்கட்கிழமை காலை நான் ஏறினேன். தெருமுனைகூடத் தாண்டவில்லை. இருமல், குலுக்கல், அணைந்தே போனது. பின்னாலிருந்து ஊரே ஹாரன் அடித்தது. அவமானம் தாங்காமல் வீட்டுக்குப் போன் செய்தேன். நடந்தே வந்தாள். ஏறினாள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

"இது என்ன அநியாயம்?"

"என்னங்க அநியாயம்? இத்தனை நாளா என் மிதிக்கு ஏத்த மாதிரிதானே டியூன் பண்ணீங்க. உங்க மிதி அதுக்குப் பழக்கமில்ல."

"அப்படின்னா மறுபடி டியூன் பண்ணுவோம். நான் ஓட்டுறேன், நீ லேப்டாப்பைப் பாரு."

"ஐயோ, எனக்கு அதெல்லாம் எங்கங்க புரியும்?"

இப்போது அவள்தான் என்னைத் தினமும் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுகிறாள். நேற்று இறங்கும்போது டிரைவர் சீட்டிலிருந்து குரல் வந்தது:

"கதவை மெதுவா சாத்துங்க, வண்டிக்கு ஆகாது."