பிஸ்டன் மாமாவின் மொட்டையும் குடுமியும்

மயிலாப்பூரில் ஒரு வேலையையும் முடிக்காமலேயே பெரும்புகழ் அடைந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்துப் பிஸ்டன் மாமா. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே தபால்காரர் வந்து கேட்கும்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

மாமாவிடம் வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய கார். கல்யாணமான புதிதில் வாங்கியது. நான் குடிவந்த நாளிலிருந்து அது எஞ்சின் இல்லாமல், உறையைப் போர்த்திக்கொண்டு, தெருப் பூனைகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்தது. எஞ்சின் தேனாம்பேட்டையில், நைனா என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கின் ஷெட்டில் கிடந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்தாயிற்று. புதுப் பிஸ்டன் போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி. எந்தப் பிஸ்டன் என்று மாமா யோசித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில்.

விஷயம் இதுதான். உச்சி தட்டையாக இருக்கும் பிஸ்டனுக்கு மாமா வைத்த பெயர் மொட்டை. உச்சியில் மேடு இருந்தால் குடுமி. மொட்டை, பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை மிதமாக அழுத்தும். வண்டி சாதுவாகப் போகும். குடுமி இன்னும் இறுக்கி அழுத்தும். அதாவது கம்ப்ரஷன் கூடும், வண்டி பாயும். ஆனால் சாதாரணப் பெட்ரோல் அந்த இறுக்கத்தைத் தாங்காமல் கண்ட நேரத்தில் வெடிக்கும். மேடு ஏறும்போதெல்லாம் எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச எழுந்த மாமா, மாமியின் தேன்குழல் நாழியைக் கையில் வைத்துக்கொண்டு நடத்திய பாடம். அழுத்திய அழுத்தில் மாவு செயலாளரின் சட்டையில் போய் விழுந்தது. தண்ணீர் மோட்டார் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று.

நவராத்திரி வந்தால், மாமா வாங்கி வைத்திருந்த மொட்டையும் குடுமியும் கொலுவில் மரப்பாச்சிகளுக்குப் பக்கத்தில் ஏறிவிடும். சுண்டல் வாங்க வந்த பெண்களிடம், “உங்களுக்கு எது தேவலைன்னு படறது?” என்று கேட்பார். பாடச் சொல்வார்களோ என்று பயந்து வந்தவர்கள், இதற்குப் பாடியே இருக்கலாம் என்று போனார்கள்.

நைனாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது.

“குடுமியே போட்டுக்கலாம் சார். அடையாறு பாலத்துல சும்மா பிச்சிக்கினு போவும். இன்னாத்துக்கு இம்மா யோசன?”

“தட்டுமே நைனா.”

“தட்னா தட்டட்டும் சார். நாமதான கேக்கப் போறோம்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியது எங்கள் கட்டடம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. தை பிறந்ததும் எல்லோரும் காலி செய்ய வேண்டும். மாமாவும் மாமியும் அடையாற்றில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். அன்றிலிருந்து மாமிக்குத் தூக்கம் போயிற்று. இத்தனை வருஷம் இருந்த வீடல்லவா! விடிய விடிய எதையாவது கட்டுவார், பிரிப்பார், மறுபடி கட்டுவார். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

காரைப் பற்றி மட்டும் மாமி தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“ஓடற வண்டின்னா புது ஆத்துக்கு வரட்டும். ஓடலேன்னா எடைக்குப் போட்டுடுவேன். பிணத்தைக் கட்டி இழுத்துண்டெல்லாம் என்னால வர முடியாது.”

மாமி சொன்னால் சொன்னதுதான். பழைய இரும்புக்காரர் வந்து உறையை விலக்கி, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். அன்று மாமா காபிகூடக் குடிக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலை, நான் தரமணி ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

“பூக்கட்டிப் பாத்துடலாம், வா.”

வரன் பொருந்துமா, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்பதற்கெல்லாம் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது உண்டு. கம்ப்ரஷனுக்குப் பார்த்தது எங்கள் மாமாதான். வெள்ளைப் பூ வந்தால் மொட்டை, சிவப்பு வந்தால் குடுமி. குருக்கள் இரண்டையும் தனித்தனி இலையில் மடித்து வைத்தார்.

எடுத்தவன் நான். பிரித்தால் சிவப்பு அரளி. விட்டது சனி என்று திரும்பினால், மாமாவின் முகம் தொங்கிப்போயிருந்தது.

“குடுமியா வந்துடுத்து? நீ குளிச்சுட்டுத்தானே வந்தே?”

“குளிச்சாச்சு மாமா.”

மாமா குருக்களைப் பார்த்தார். “இன்னொரு தரம் பாக்கறதுண்டோ?”

“கேட்டேள், சொல்லிட்டார். திரும்பத் திரும்பக் கேட்டா அவருக்குக் கோபம் வராதோ?”

மாமா காதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்கிய அளவுக்குத் தோப்புக்கரணம் போட்டார். வாசலில் ஒரு சிதறுகாய் உடைத்தார். ஆட்டோ பிடித்து என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே தேனாம்பேட்டை.

“நைனா, மொட்டையே போட்டுடு.”

நான் வாயைப் பிளந்தேன். “மாமா, பிள்ளையார் குடுமின்னு சொன்னாரே?”

“அதான் மன்னிப்புக் கேட்டுண்டு வந்துட்டேனே.”

நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சாமி பேச்சையே கேட்கப் போவதில்லை என்றால், மனுஷனை ஆபீஸ் நேரத்தில் எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்?

காலி செய்யும் நாளும் வந்தது. அதற்குள் நைனா எஞ்சினை மூடிக் கொண்டுவந்து காரில் பொருத்தியிருந்தார். நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். மாமா சாவியைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பியதே தெரியவில்லை. பின் சீட்டில் படுத்திருந்த பூனை நிதானமாக இறங்கிப் போயிற்று. அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன், மடியில் கொலுப் பெட்டியோடு. முன்னால் மாமி. சாமான் லாரி முதலிலேயே போய்விட்டது.

மந்தைவெளி தாண்டுவதற்குள் மாமியின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அடையாறு பாலத்தில் வண்டி மூச்சுவாங்கி ஏறும்போது மெல்லிய குறட்டை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து மாமாவின் பரம்பரையையே விசாரித்தார்கள். எஞ்சின் மட்டும் ஒரு தட்டுத் தட்டவில்லை.

“மாமி முழிச்சுக்கப் போறாங்க” என்றேன்.

“ஹாரனுக்கெல்லாம் எழுந்துக்க மாட்டா. எஞ்சின் தட்டினாத்தான் எழுந்துப்பா. கல்யாணமான நாளா இப்படித்தான். இந்த வண்டியில ஏறினாளோ இல்லையோ, தூங்கிடுவா.”

“இதுக்குத்தான் மொட்டையா? முதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா.”

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எனக்கும் குடுமி மேல ஆசை இருந்துதேப்பா” என்றார்.

புது வீடு வந்தது. வாசலில் லாரிக்காரர்களும், திருஷ்டிப் பூசணிக்காயோடு நைனாவும் நின்றார்கள். மாமா வேகத்தைக் குறைத்தார். மாமியை ஒரு தரம் பார்த்தார். நிறுத்தாமல் அவர்களைக் கடந்து போனார்.

“இன்னும் ஒரு சுத்து போலாமா? உனக்கு அவசர வேலை ஒண்ணும் இல்லையே?”

ஆபீஸில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கொலுப் பெட்டியின் கனத்தில் கால் மரத்துப்போயிருந்தது.

“ஒண்ணும் இல்ல மாமா. மெதுவாவே போங்க” என்றேன்.