கஞ்சி போட்ட கூடாரம்

முறைப்பெண் காதில் விழும் தூரத்தில் நிற்கும்போது 'அது எனக்குத் தெரியாது' என்று சொன்ன வாலிபன் எவனும் இதுவரை பிறக்கவில்லை. அப்படி ஒருவன் பிறந்து, அந்த அறுபதுகளில் திருப்பூரில் என் இடத்தில் இருந்திருந்தால், ராமசாமி மாமாவின் மீசையில் கஞ்சி ஒழுகியிருக்காது. எனக்குக் கல்யாணமும் ஆகியிருக்காது. ஆகவே அவன் பிறக்காமல் போனதே நல்லது.

ராமசாமி மாமா என் அம்மாவின் தம்பி. கணியூரில் கரும்பும் நெல்லுமாக நல்ல விவசாயம். அவர் மகள் கமலம். எனக்குத்தான் கமலம் என்று சின்ன வயதிலிருந்தே இரண்டு வீட்டிலும் பேச்சு. மாமாவுக்கு மட்டும் ஒரு உறுத்தல். நான் அண்ணனோடு சேர்ந்து ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தேன். நாளெல்லாம் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பிழைப்பவனை ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

"மழைக்கும் வெயிலுக்கும் நிக்காத பையனை நம்பி எப்படீங்கக்கா புள்ளையக் குடுக்கறது?" என்று என் அம்மாவிடமே கேட்டுவிட்டார். தாராபுரம் பக்கம் ஒரு மாப்பிள்ளை வேறு தயாராக இருந்தான். தோட்டம், கிணறு, டிராக்டர். (டிராக்டரோடு போட்டி போட என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதிலும் பெல் அடிக்காது.)

சித்திரையில் வெள்ளாமை வேலை ஓய்ந்ததும் மாமா குடும்பம் அமராவதி அணைக்கு மேலே காட்டுக்குள் போய், ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு மரக்குடிலில் தங்கிவிட்டு வரும். அந்த வருஷம் என்னையும் கூப்பிட்டார். அது அழைப்பில்லை, பரீட்சை என்று எனக்குப் புரிந்தது.

"குடிலு சின்னது தம்பி. பொம்பளைங்க உள்ள படுத்துக்குவாங்க. நமக்கு ஒரு முரட்டுக் கித்தான் துணிக் கூடாரம் வாடகைக்கு எடுத்துரலாம்" என்றார் மாமா.

கமலம் கதவோரம் காபி டம்ளரோடு நின்றாள். என் வாய் சும்மா இருக்குமா?

"கித்தான் எதுக்குங் மாமா? கூடாரம் என் பொறுப்பு. நம்ம கம்பெனித் துணியிலயே தைச்சுக் கொண்டாந்தர்றனுங்க."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பனியன் துணியிலயா?"

"ஆமாங்."

கமலம் சிரித்தாள். பெருமையில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். (இல்லை என்று கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள்.)

இங்கே பனியன் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷினிலிருந்து அது குழாய் மாதிரி இறங்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். உடம்பில் ஒட்டி நிற்பதற்காகவே பிறந்த ஜென்மம். கூடாரத்துக்குத் துணி விறைப்பாக நிற்க வேண்டும். அதற்கும் என்னிடம் ஒரு வழி இருந்தது: கஞ்சி! அண்டா நிறைய மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, துணியை அதில் முக்கி, வெயிலில் போட்டேன். மறுநாள் எடுத்துத் தட்டிப் பார்த்தால் தகரம் மாதிரி சத்தம் வந்தது.

எங்கள் டெய்லர் கந்தனுக்கு என்னைவிட உற்சாகம். அவனுக்குக் கைவந்தது பனியன் மட்டுமே என்பதால் கூடாரத்தையும் பனியன் முறையிலேயே தைத்தான். காற்று வர மேலே ஒரு வட்ட ஓட்டை வேண்டும் என்றேன். அந்த ஓட்டைக்கு அழகாகக் கழுத்துப்பட்டி வைத்தான். போதாததற்குப் பின்பக்கம் எங்கள் கம்பெனி லேபிளையும் வைத்துவிட்டான்.

"சைஸ் என்னன்னு போடறதுங்ணா?"

"இருக்கறதுலயே பெரிய சைஸப் போடு."

மொட்டைமாடியில் நிறுத்திப் பார்த்தோம். அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. 'மழை வந்தால்?' என்று கந்தனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சித்திரையில் திருப்பூர்க்காரன் மழையை நினைப்பானா?

ஜீப்பில் போய் இறங்கினோம். இரண்டு பக்கமும் மருத மரங்கள், நடுவில் பாறைகளுக்கிடையே ஆறு, பின்னால் மலை. பார்த்ததும் வாயைப் பிளந்தேன். அடுத்து குடிலைப் பார்த்தோம். பிளந்த வாய் மூடவில்லை. முந்தின வாரக் காற்றில் ஒரு கிளை முறிந்து கூரை மேல் விழுந்து, ஒரு மூலை தவிர ஓடெல்லாம் நொறுங்கிக் கிடந்தது.

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சரி. இனி எல்லார்த்துக்கும் தம்பியோட கூடாரந்தான்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு மருத மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, மூங்கில் ஊன்றி, கூடாரத்தை நிறுத்தினேன். அப்பழுக்கில்லாத வெள்ளை! அத்தை காற்றுக்கு மறைவாகக் கூடார வாசலிலேயே கல் கூட்டிக் கோழிக்குழம்பு வைத்தார். மாமா உள்ளே துண்டை விரித்துப் படுத்தார். "பரவால்லியே, குளுகுளுன்னு இருக்குது" என்று குரல் வந்தது. நான் கமலத்தைப் பார்த்தேன். டிராக்டர் அப்போதே பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மலைக்குப் பின்னால் இடி உருண்டது.

கோடைமழை அவகாசம் கொடுப்பதில்லை. கொட்டியது. முதல் ஐந்து நிமிஷம் கூடாரம் தாங்கியது. பிறகு தைத்த இடமெல்லாம் பால் மாதிரி ஏதோ சொட்ட ஆரம்பித்தது. கஞ்சி! கஞ்சி போகப் போகத் துணிக்குத் தன் பிறவிக்குணம் ஞாபகம் வந்துவிட்டது. நடுவில் தொந்தி போட்டது. தொந்தியில் மழைத்தண்ணீர் தேங்கியது. தேங்கத் தேங்க இன்னும் நீண்டது. இறங்கி இறங்கி, அடுப்பு மேல் உட்கார்ந்து, குழம்புச் சட்டியைக் கவிழ்த்து, கடைசியில் மூங்கிலோடு சேர்ந்து மொத்தமும் மாமா மேல் சரிந்தது.

"ஏனுங், எங்கிருக்கீங்?" என்று அத்தை அலறினார்.

துணிக்குள் ஒரு யானைக்குட்டி புரள்வது மாதிரி இருந்தது. பிறகு, கந்தன் கழுத்துப்பட்டி வைத்துத் தைத்த அந்த வட்ட ஓட்டை வழியாக மாமாவின் தலை மெதுவாக வெளியே வந்தது. மீசையின் இரண்டு நுனியிலும் கஞ்சி. கழுத்து அளவு அவ்வளவு கச்சிதம். பின்கழுத்தில் எங்கள் லேபிள்.

"பனியனுக்குள்ளார இருக்கறன் புள்ளே!" என்றார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரம். கமலம் மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மரத்தின் பக்கம் திரும்பி நின்றாள். முதுகு குலுங்கியது.

மழை விட்டது. படுக்க இடமில்லை, சாப்பாடு மண்ணில். அத்தை கவிழ்ந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தலையைத் துவட்டிக்கொண்டே, "தாராபுரத்துக்காரங்களுக்கு நாளைக்கே சொல்லி அனுப்பிரலாம்" என்று அத்தையிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

என் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. குழம்பும் கஞ்சியுமாகக் கிடந்த கூடாரத்தைச் சுருட்டி இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். அலசுகிற சாக்கில் கொஞ்சநேரம் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாமே! குடிலைக் காக்கும் வாட்சர் கரையில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க முதலை கிதலை இருக்குமாங்?"

"அதெல்லாம் கீழ டேம்லதானுங். இங்க வராது." ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "வந்தாச் சொல்றனுங்" என்றார்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துணியை விரித்தேன். கஞ்சி கரைந்து ஆறு வெளுத்தது. ஏதோ ஒன்று தொடையில் இடித்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே இடித்தது. துணிக்குள் எதுவோ படபடவென்று துள்ள, கையிலிருந்த முனை பறந்துபோகும் போல இழுத்தது.

"ஐயோ முதலை! முதலைங்கோ!" என்று கத்தினேன். (காடு முழுக்க எதிரொலித்தது. வாட்சர் எழுந்திருக்கவே இல்லை.)

ஓடிவந்தது கமலம். எட்டிப் பார்த்தாள். "முதலையும் இல்ல, ஒண்ணுமில்ல. அத்தனையும் கெண்டை! உங்க கஞ்சிக்கு வந்திருக்குதுங்க. விட்டுராதீங்க!" என்றவள் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். துணியின் கழுத்து ஓட்டையைச் சுருக்கி முடிச்சுப் போட்டாள். "அந்தப் பக்கம் தூக்குங்க. ம், இழுங்க!"

அதற்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலையும் செய்ததில்லை. இழுத்தோம். மீன் பாரத்தில் துணி நீண்டது, நீண்டது, நீண்டுகொண்டே வந்தது. தண்ணீரெல்லாம் துணியின் இழைக்கண் வழியே ஓட, மீன் மட்டும் உள்ளே நின்றது. கரையேற்றிக் கொட்டினால், கை நீளக் கெண்டைகள் குவியலாகத் துள்ளின.

மாமா வந்து நின்றார். மீனைப் பார்க்கவில்லை. துணியைக் கையில் எடுத்தார், இழுத்தார், விட்டார், இன்னொரு முறை இழுத்தார்.

"எங்கியும் கிழியலியே?"

"கிழியாதுங் மாமா."

"கித்தானா இருந்தா இந்நேரம் கிழிஞ்சிருக்கும்" என்றார் மெதுவாக. பிறகு நனைந்து நின்ற மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அத்தையிடம் திரும்பி, "மொளகாய அரை புள்ளே. மாப்பிள்ளைக்குப் பசிக்கும்" என்றார்.

'தம்பி' மாப்பிள்ளை ஆகிவிட்டான்! அன்றைக்குத் தின்ற மீனைப் போல இதுவரை தின்றதில்லை. இடிந்த குடிலில் ஓடு மிச்சமிருந்த மூலையில், எல்லாரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி தின்றோம்.

ஆவணியில் கல்யாணம். தாராபுரத்து டிராக்டர் வேறு எங்கோ உழப் போய்விட்டது.

அந்தத் தீபாவளியிலிருந்து மாமாவுக்குப் பனியன் எடுத்துக் கொடுப்பது நான்தான். கொடுத்ததும் அவர் நேராக வாசல் தொட்டிக்குப் போவார். புதுப் பனியனைத் தண்ணீரில் முக்குவார். பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி, சபை முழுக்கக் காட்டுவார்.

"கஞ்சி இல்லீங் மாப்ள. தைரியமாப் போடலாம்" என்பார்.

இப்போது நான் எடுத்துக் கொடுக்கும் பனியனை என் மருமகனும் அதே மாதிரி முக்கிப் பிழிந்து காட்டுகிறான். சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டால், கமலம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறாள்.